ஓரம் பார்க்காத நாள்

1

இந்தக் கதை ஒரு கட்டத்துக்காகப் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பொருளியல் மாணவர்களுக்கு வழிகாட்டி நூல்கள் எழுதுவது என் தொழில். பாடத்தின் நடுவே, மெல்லிய கோடு போட்ட ஒரு கட்டத்துக்குள், படிக்கிறவர் தூங்கிவிடாமல் இருக்க ஒரு குட்டிக் கதை வைப்போம். தேவை பற்றிய பாடத்தில் குடை விற்பவர் வருவார். செலவு பற்றிய பாடத்தில் ரொட்டிக் கடைக்காரர் வருவார். இருவரும் நான் பெற்ற பிள்ளைகள். குடைக்காரருக்காகப் பல பதிப்புகளாக விடாமல் மழை பெய்துகொண்டிருக்கிறது.

இந்த முறை 'லாபம்' என்ற பாடம். பதிப்பாளர் போனில் சொன்னார்: "லாபம் எங்கேர்ந்து வருதுன்னு பசங்களுக்குப் புரியணும் சார். சின்னக் கதையாப் போதும். ரெண்டு பக்கமும் சொல்லிடுங்க, ஒருதலையா இருக்க வேண்டாம்."

சரி என்றேன். அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா ஒரு பெரிய சலவை ஆலையில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். கதைக்கு ஏதாவது கிடைக்குமா என்று சும்மா கேட்டேன். அவள் சொன்னது கட்டத்துக்குள் அடங்கவில்லை. அதனால் கட்டத்தை எடுத்துவிட்டேன். இரண்டு பக்கமும் சொல்வேனா என்பதை நீங்களே படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்:

"ஓர் ஊரில் ஒரு முதலாளி இருந்தார். அவருக்குத் துணிச்சல் அதிகம். ஒரு நாள் அவர்—"

(விட்டுவிட்டேன். நானே எழுதிய பழைய கட்டங்களின் வாடை அடித்தது. இன்னும் ஒரு வரி போனால் மழை வந்துவிடும்.)

இரண்டாம் தொடக்கம்:

"உழைப்பே செல்வத்தின் ஊற்று என்று நம்பிய பெண்மணி ஒருத்தி, நீராவி சூழ்ந்த கூடத்தில், களைத்த விழிகளுடன்—"

இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"யாருடா அந்தப் பெண்மணி?"

"நீதான்."

"நான் எதையும் நம்பல. ஏழு மணி பஸ் வரும்னு நம்பினேன், அதுவும் வரல. களைச்ச விழியாம். கண்ணு நல்லாத்தான் இருக்கு, இடுப்புதான் போச்சு."

மூன்றாம் தொடக்கம்:

"அக்காவும் அவளுடைய நாத்தனாரும் பேசிக்கொள்வதில்லை."

இது நிற்கட்டும். உண்மையும்கூட.

3

நாத்தனார் என்றால் அக்கா கணவரின் தங்கை. ஒரே வீடு, ஒரே ஆலை, ஒரே மேசை. சண்டை எதற்கு என்று எழுதக் கூடாது என்று அக்கா கண்டித்துச் சொல்லிவிட்டாள். "அது வீட்டு விஷயம். புஸ்தகத்துல போட்டா உன் கையை ஒடிப்பேன்."*

* அலமாரியில் ஒரு தட்டு யாருக்கு என்பது தொடர்பானது. இதற்கு மேல் சொன்னால் எனக்கு அந்த வீட்டில் சோறு கிடையாது.

வீட்டில் பேசாமல் இருப்பது பெரிய காரியமில்லை. அத்தான் இருக்கிறார். "தண்ணி நின்னுடுச்சுன்னு அவங்ககிட்ட சொல்லு" என்று இவள் சுவரைப் பார்த்துச் சொல்வாள். "எனக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லு" என்று அவள் ஜன்னலைப் பார்த்துச் சொல்வாள். நடுவில் அத்தான் தபால்காரர் மாதிரி நின்றுகொண்டிருப்பார். இருவர் சொன்னதும் இருவருக்கும் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் அவர் ஒரு தடவை சொல்லியாக வேண்டும்.

ஆலையில் அப்படி முடியாது. வேலை இதுதான்: ஓட்டல்களிலிருந்து வரும் விரிப்புகள் துவைத்து, பாதி உலர்ந்து, சூடான உருளைக்குள் நுழைந்து மறுபக்கம் வழவழவென்று வெளியே வரும். அங்கே வரிசையாக நீள மேசைகள். மேசைக்கு இரண்டு பெண்கள். ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து ஒரு உதறு உதறுவார்கள். நீளவாக்கில் மடிப்பார்கள். பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, ஒருத்தி தன் மூலைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். மறுபடி நடந்து வருவாள். ஒவ்வொரு விரிப்புக்கும் முகத்துக்கு முகம் வந்தாக வேண்டும், விரலில் விரல் பட்டாக வேண்டும். கோபத்தில் இருக்கிறவர்கள் ஒரே சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம். விரிப்பை முதுகைக் காட்டிக்கொண்டு மடிக்க முடியாது.

ஜோடியை மாற்றக் கூடாதா என்று கேட்டேன். கூடாதாம். உயரம் ஒத்துப்போகிறவர்களைத்தான் ஜோடி சேர்ப்பார்கள். குடும்பம் ஒத்துப்போகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

4

இப்போது 'ஓரம்' என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். இது தெரியாவிட்டால் கதை தெரியாது.

சுவரில் மேனேஜர் ஒட்டிவைத்த விதிகளில் ஒன்று: மடிக்கும் முன் விரிப்பின் நாலு ஓரத்திலும் கறை, கிழிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்டிய மேனேஜரே, "அதையெல்லாம் பாத்துட்டிருந்தா வண்டி எப்பக் கிளம்பறது?" என்று கத்துவார். ஆகவே சாதாரண நாட்களில் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் வேகத்தை அளக்க வெளியாள் வரும் நாளில் மட்டும் கூடமே திடீரென்று விதியை மதிக்க ஆரம்பித்துவிடும். மூலையைக் கையில் வாங்குகிறவள் "ஓரம்" என்பாள். கொடுத்தவள் விரிப்பைத் திருப்புவாள். இருவரும் நாலு ஓரத்தையும் நகைக்கடையில் தோடு பார்ப்பது போலப் பார்ப்பார்கள். பிறகுதான் மடிப்பு. அன்றைக்கு அளக்கிற வேகம்தான் நாளைக்கு எல்லா மேசைக்கும் மணிக்கு இத்தனை விரிப்பு என்ற கணக்கு ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. புதிதாகச் சேர்ந்தவள்கூட முதல் தடவையே பார்த்துப் புரிந்துகொள்வாள்.

அப்படி ஒரு நாளில், வேகத்தை அளக்கக் கடிகாரக்காரர் வந்தார். (ஆலையில் அவருக்கு வைத்த பெயர்.) மரியாதையான மனிதர். "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு, வேறு காரணம் எதுவுமில்லாமல், நாற்காலி போட இடம் இருந்த மேசையின் பக்கத்தில் உட்கார்ந்தார். அது அக்காவின் மேசை.

மற்ற மேசைகளிலிருந்து "ஓரம்", "ஓரம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அக்காவின் மேசையில் சத்தமே இல்லை.

அக்கா சொன்னது: "அன்னிக்கு மூலை வாங்கறது அவ முறை. அவதான் சொல்லணும்."

நாத்தனார் சொன்னது (தனியாக, மாடிப்படியில் நிறுத்தி): "நான் 'ஓரம்'னு சொல்லியிருந்தா நான்தான் முதல்ல பேசினேன்னு ஆயிருக்கும். அண்ணிக்கு அதுதானே வேணும்?"

ஆகவே யாரும் சொல்லவில்லை. சொல்லாததால் யாரும் ஓரம் பார்க்கவில்லை. அதோடு விட்டதா? வாய் பேசாத கோபம் கைக்கு வந்துவிட்டது. இவள் வேகமாக உதறினாள், அவளால் ஈடுகொடுக்க முடியாது என்று காட்ட. அவள் இன்னும் வேகமாக நடந்து வந்து மூலையைப் பிடுங்கினாள், தன்னால் முடியும் என்று காட்ட. பக்கத்து மேசைக்காரி இருமினாள். கண்ணால் கெஞ்சினாள். இருவரும் பார்க்கவே இல்லை. விரிப்பு மலை போல ஏறிக்கொண்டிருந்தது. கடிகாரக்காரர் தன் வாழ்நாளில் அப்படி ஒரு மடிப்பைப் பார்த்திருக்க மாட்டார்.*

* ஒரு மணிக்கு எத்தனை விரிப்பு என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை. எழுதினால் பதிப்பாளர் அதைப் பயிற்சிக் கணக்கு ஆக்கிவிடுவார்.

5

இங்கே கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள், சோறு போடுகிற தொழில்.

லாபம் எங்கிருந்து வருகிறது? காத்திருந்ததற்குக் கிடைக்கும் பரிசு என்பார்கள் ஒரு சாரார்: கையில் இருந்ததை இன்றே செலவழித்துவிடாமல் இயந்திரத்தில் போட்டுவிட்டுப் பொறுமையாக இருந்தாரல்லவா? ஆபத்தை ஏற்றதற்கான கூலி என்பார்கள் இன்னொரு சாரார். ஆளையும் பொருளையும் ஒருங்கே சேர்த்த திறமையின் விலை என்பார்கள் வேறு சிலர். இந்த மூன்றையும் நான் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு அழகாக எழுதித் தந்திருக்கிறேன்.

நான்காவது விளக்கம் ஒன்று உண்டு. என் வழிகாட்டியில் அது பாடத்தின் கடைசியில், "மாற்றுக் கருத்து" என்ற தலைப்பில், சின்ன எழுத்தில் இருக்கும். தொழிலாளி தான் வாங்கும் கூலிக்கு ஈடான வேலையை நாளின் ஒரு பகுதியிலேயே செய்து முடித்துவிடுகிறார். ஆனால் அங்கே நிறுத்திக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது. மீதிப் பொழுதில் அவர் செய்வதற்குக் கூலி இல்லை, லாபம் அங்கிருந்து வருகிறது. அந்த மீதியைப் பெருக்க இரண்டு வழி. வேலை நேரத்தை நீட்டலாம். அல்லது நேரத்தை அப்படியே விட்டுவிட்டுக் கையை விரட்டலாம்.

இப்போது அந்த அலமாரிச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலை முதலாளி அதற்காகக் காத்திருக்கவில்லை. அதில் ஒரு ஆபத்தையும் ஏற்கவில்லை. அவருக்கு அலமாரி இருப்பதே தெரியாது, அப்புறம் எங்கே ஒருங்கிணைப்பது? ஆனாலும் சண்டையில் விளைந்த விரிப்புகள் முழுக்க அவர் வண்டியில் ஏறின. அறிவிப்பு வந்தது: இனி எல்லா மேசைக்கும் இதுதான் வேகம், கூலி பழையபடியே, மாதக் கடைசியில் எட்டாத மேசைக்கு வேலை இல்லை. இதை முதல் மூன்று விளக்கங்களில் எதன் கீழ் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சண்டை அவருடைய முதலீடா? எனக்குக் கோபம் வருகிறது. பாடநூல் எழுதுகிறவனுக்குக் கோபம் வரக் கூடாது என்பார்கள். வந்துவிட்டது, என்ன செய்வது.

6

அறிவிப்பு வந்த அன்று உடை மாற்றும் அறையில் பக்கத்து மேசைக்காரி அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுச் சண்டைக்கு நாங்க ஏன் ஓடணும்?"

"ஓடறதில்ல அது. பறக்கறது" என்றார் டீச்சர்.

டீச்சர் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. அவரும் மடிப்பவர்தான். எதிரில் யார் எதைச் சொன்னாலும் திருத்துவதால் அந்தப் பெயர். அவர் வலது மணிக்கட்டு வீங்கிப் பல காலம் ஆகிறது. துணி சுற்றிக்கொண்டு வருவார். பழைய வேகத்துக்கே அவருடைய ஜோடி பாதி பாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டுதான் ஓட்டிக்கொண்டிருந்தாள். புது வேகத்துக்கு அந்தக் கை வராது. அது கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். டீச்சருக்கும் தெரியும். அவர் வீட்டில் சம்பளம் வாங்குகிற ஆள் அவர் ஒருவர்தான்.

"என்னால வந்தது" என்றாள் அக்கா.

"என்னாலயும்தான்னு சொல்லு" என்றாள் நாத்தனார், தண்ணீர்க் குழாயைப் பார்த்து.

7

டீச்சர் பாத்திரத்தில்தான் எனக்குச் சிக்கல் வந்தது. வாசகர் இரக்கப்பட வேண்டுமே என்று இப்படி எழுதினேன்: "டீச்சர் அன்பே உருவானவர். கூடத்தில் யாருக்குத் துன்பம் என்றாலும் முதலில் ஓடி—"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அவளா? என் பையன் மார்க்கைக் கேட்டுட்டு அத்தனை பேர் முன்னாடியும் 'அப்பா மாதிரியா?'ன்னு கேட்டவ. வாயத் தொறந்தா வம்பு."

"அப்புறம் எதுக்கு அவங்களுக்காக இவ்வளவு அடிச்சுக்கற?"

"நல்லவளா இருந்தாத்தான் வேலையில இருக்கணுமா? அப்படிப் பாத்தா பாதிப் பேர் வீட்டுக்குப் போகணும். உன் அக்காதான் முதல்ல போவா."

அன்பே உருவானவரை அடித்துவிட்டேன்.

அதே வாரம் பதிப்பாளர் கூப்பிட்டார். எழுதியவரை படித்துக் காட்டினேன்.

"முதலாளி பக்கம் எங்க சார்? அவருக்கும் கடன் இருக்கும். ஓட்டல்காரன் வேற ஆலைக்குப் போயிட்டா மொத்தமா மூட வேண்டியதுதான். அந்த ஆபத்து உண்டா இல்லையா?"

நியாயமான கேள்வி. உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்டேன்: "ஆலை மூடினா அவருக்குப் போறது ஆலை. டீச்சருக்கு ஆலை மூடாமலே மணிக்கட்டு போயிடுச்சு. ஆபத்துக்குத்தான் கூலின்னா அவங்களுக்கு எவ்வளவு தரணும்?"

"இதைப் பரீட்சைல கேட்டா பையன் என்ன எழுதுவான்?"

"தெரிஞ்சதை எழுதட்டும்."

"லாபத்துக்கு மூணு காரணம்தான் சார் பாடத்திட்டத்துல. நாலாவதா உங்க அக்கா வந்து நின்னா இடம் இல்ல."

"அக்கா வந்து நிக்கல. அங்கயேதான் இருக்கா. நாமதான் பாக்கல" என்றேன். சொன்ன பிறகு கொஞ்சம் நாடகமாக இருந்தது போலத் தோன்றியது. பரவாயில்லை, இருக்கட்டும்.

8

விதிகள் ஒட்டிய அதே சுவரில் இன்னொரு வரி இருந்தது. மேசைக்காரர்கள் பாதிப் பேருக்கு மேல் கேட்டால் வேகத்தை மறுபடி அளக்க வேண்டும், முடிவு சொல்லும்வரை பழைய வேகமே நடக்கும். எழுத்துப் பிழை தேடி டீச்சர் அந்தச் சுவரைத் தினமும் படிப்பவர். அவர் காட்டினார். எல்லா மேசையும் கேட்டது.

மேனேஜர் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: அதே மேசையைத்தான் அளப்பார்கள். முன்பு பறந்த கைகள் இப்போது நடந்தால் வேண்டுமென்றே செய்ததாக ஆகும். அப்படி ஆனால் அக்கா, நாத்தனார் இருவருக்கும் வேலை போகும். ஒரு வீட்டின் இரண்டு சம்பளம்.

மறுபடி அளப்பதற்கு முதல் நாள் மாலை அந்த வீட்டில் நான் இருந்தேன்.

"நாளைக்கு மூலை வாங்கறது என் முறைன்னு சொல்லு" என்றாள் அக்கா, சுவரிடம்.

"தெரியும்னு சொல்லு" என்றாள் நாத்தனார், ஜன்னலிடம்.

"வேலை போனா போகட்டுமான்னு கேளு."

"வேற எங்கயும் மடிக்க ஆள் எடுக்க மாட்டாங்களான்னு கேளு."

அத்தான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒத்துப்போறீங்கதானே? அப்ப நான் சாப்பிடப் போறேன்" என்று எழுந்து போனார்.

இந்த இடத்தில் நான் எழுதிப் பார்த்தது: "மறுநாள், விரிப்பின் வெதுவெதுப்பில் இருவர் விரல்களும் தொட்டபோது, கண்கள் கலங்கி, பழைய கசப்பெல்லாம்—"

"நாங்க ராசியாகல" என்றாள் அக்கா. "பொய் எழுதாத. அலமாரி அப்படியேதான் இருக்கு."

ஆக, நடந்தது இது. கடிகாரக்காரர் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் மேனேஜர் நின்றார். முதல் விரிப்பு வந்தது. உதறினார்கள், நடந்து வந்தார்கள். அக்கா மூலைகளை வாங்கிக்கொண்டு, "ஓரம்" என்றாள். எதிரில் இருப்பவளுக்குச் சொல்ல அவ்வளவு சத்தம் தேவையில்லை. கூடத்தின் மறுகோடி வரை கேட்டது. நாத்தனார் விரிப்பைத் திருப்பினாள். நாலு ஓரத்தையும் பார்த்தார்கள். எல்லா மேசையிலிருந்தும் "ஓரம்" என்று வந்தது.

மேனேஜர் கொஞ்ச நேரம்தான் பொறுத்தார்.

"அன்னிக்கு முடிஞ்சது இன்னிக்கு ஏன் முடியல?"

"அன்னிக்கு நாங்க சண்டையில இருந்தோம் சார்" என்றாள் நாத்தனார்.

"இப்ப?"

"இப்பவும்தான். ஆனா ஓரம் பாக்கறோம். உங்க விதிதானே அது?"

"வேணும்னே மெதுவாப் பண்றீங்க."

"வேணும்னே இல்ல சார், விதிப்படி" என்றார் டீச்சர் தன் மேசையிலிருந்து.

அக்கா மடிப்பை நிறுத்தாமலே பேசினாள். "அந்த வேகம்தான் வேணும்னா சண்டைக்குத் தனிக் கூலி போடுங்க சார். நாத்தனார் இல்லாதவங்களுக்கு நீங்களே ஆளுக்கு ஒண்ணு ஏற்பாடு பண்ணிக் குடுத்துடுங்க."

கூடமே சிரித்தது. உருளைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டதாம். கடிகாரக்காரர் குனிந்து ஏதோ எழுதினார். நாத்தனார் சிரித்தாளா என்று அக்காவிடம் கேட்டேன். "நான் அவ மூஞ்சியப் பாக்கல" என்றாள். விரிப்பு மடிக்கும்போது முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று மேலே எழுதியிருக்கிறேன். அவள் சொன்னதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

9

பதிப்பாளருக்குப் பிடித்த முடிவு: முதலாளி மனம் மாறுகிறார், எல்லாருக்கும் ஊக்கத்தொகை தருகிறார், இரு தரப்பும் கைகுலுக்குகின்றன. கட்டத்துக்குள் கச்சிதமாக உட்காரும்.

என் நண்பர்களில் சிலருக்குப் பிடித்த முடிவு: அக்காவையும் நாத்தனாரையும் வேலையிலிருந்து நீக்குகிறார்கள், டீச்சர் வீங்கிய கையை உயர்த்தி ஒரு முழக்கம் எழுப்புகிறார். டீச்சர் முழக்கம் எழுப்பினால் முதலில் அதில் ஒரு சொல்லை மாற்றச் சொல்வார். அதனால் இதுவும் இல்லை.

நடந்த வரைக்கும் உள்ள முடிவு: முடிவு வரவில்லை. கடிகாரக்காரர் எழுதியது மேனேஜர் அறையில் இருக்கிறது. சொல்லுகிற வரைக்கும் பழைய வேகம். சொல்லாமல் இழுத்தடித்தால் இவர்கள் ஓய்ந்துபோவார்கள் என்று மேனேஜர் நினைக்கிறாராம். இழுக்கட்டும் என்கிறாள் அக்கா. இழுக்கிற ஒவ்வொரு நாளும் அவர்கள் தங்கள் கை போகிற வேகத்தில் மடிக்கிறார்கள். பேசாமல்தான்.

பதிப்பாளரிடம், லாபம் பாடத்தில் கதைக்கான கட்டத்தைக் காலியாக அச்சிடுங்கள், இல்லையென்றால் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். "மாற்றுக் கருத்து" பத்தியை மற்றதைப் போலவே பெரிய எழுத்தில் போடாவிட்டால் என் பெயரையும் எடுத்துவிடச் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார். யோசிக்கட்டும்.

உங்களுக்கு ஒரு முடிவு வேண்டும், தெரியும். இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். ஆனால் நிலைமையைப் பாருங்கள்: முடிவு சொல்லாத வரைக்கும் டீச்சருக்கு வேலை இருக்கிறது. மேனேஜர் சொல்வதற்கு முன்னால் நான் ஏன் சொல்ல வேண்டும்? நான் எழுத மாட்டேன். கதை எழுதத் தெரியாதவன் என்று சொன்னாலும் எழுத மாட்டேன்.

இல்லை, கதை என்றால் முடிந்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தால், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். டீச்சர் வேலையில் இருக்கிறார் என்று எழுதினால் நல்லது. இல்லை என்று எழுதுவதானால் எழுதியதோடு போய்விடாதீர்கள், நேரில் போய் அவரிடம் சொல்லுங்கள். உருளையிலிருந்து மூன்றாவது மேசை, கையில் துணி சுற்றியிருப்பார். நீங்கள் சொல்கிற வாக்கியத்தில் எப்படியும் ஒரு தப்புக் கண்டுபிடிப்பார். திருத்திக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்து, இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருக்கும்.